அம்மாவின் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடாதே

தம்பி,

நேற்று நீ பேசி முடித்த பிறகு வெகுநேரம் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் யோசித்து முடிவு செய்துவிட்டவனின் குரலில் நீ பேசினாய். அம்மாவைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போய் நீ புதிதாக வாடகைக்குப் பிடித்திருக்கும் வீட்டில் வைத்துக்கொள்வது. முன்னறையில் ஜன்னலோரம் அவளுக்குக் கட்டில். நீயும் மருமகளும் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மா அவ்வப்போது வந்து எட்டிப் பார்த்துக்கொள்வது. என்னைப் புதியம்புத்தூரில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விடுவது. நடக்க முடியாத இரண்டு பேரை ஒரே வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்று நீ சொன்னதில் தப்பில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வீட்ல எறும்பு இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். நீ சிரித்துவிட்டாய். "என்னப்பா நீங்க! அம்மாவுக்கு ஒரு பக்கம் வெளங்காமப் போச்சேன்னு நான் கெடந்து அல்லாடுதேன். நீங்க எறும்பு இருக்கான்னு கேக்கீங்க" என்றாய்.

நீ சிரித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. உனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் உன்னைச் சின்ன வயதிலேயே அத்தை வீட்டுக்கு அனுப்பினோம். இனிமேல் தெரியாமல் இருந்தால் சரிப்படாது. போனில் சொல்லலாம் என்றால் பாதியில் நான் நிறுத்திவிடுவேன், நீயும் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி.

நான் விழுந்தபோது நீ பள்ளிக்கூடத்துக்கே போக ஆரம்பிக்கவில்லை. அப்போது நான் மைக் செட் வைத்துத் தொழில் செய்துகொண்டிருந்தேன். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்று விளாத்திகுளம் சுற்றுவட்டாரத்தில் எங்கே விசேஷம் என்றாலும் நம்முடைய செட்தான். அன்றைக்கு ஒரு ஊரில் அம்மன் கொடைக்காகப் பனைமரத்து உச்சியில் ரேடியோ குழாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். உச்சியில் கட்டினால்தான் அடுத்த ஊர் வரைக்கும் பாட்டு கேட்கும், கொடை நடத்துகிறவர்களுக்கு அது ஒரு கௌரவம். கட்டி முடித்து இறங்கும்போது கால் வழுக்கியது. முதுகெலும்பு போயிற்று. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கொண்டு வந்தபோது இடுப்புக்குக் கீழே என் உடம்பு எனக்குத் தெரியாத உடம்பாகிவிட்டது. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. மூத்திரம் போவதற்கு டியூப் போட்டிருந்தார்கள். அந்த வாரமே அத்தை வந்து, "பிள்ள இங்கன கெடந்து இதையெல்லாம் பாக்க வேண்டாம். நான் கொண்டுபோறேன்" என்று உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். உன் அம்மா பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போய்விட்டு வந்து, அடுப்பைப் பற்ற வைத்தாள்.

வந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ரொம்ப வலிக்குதா?" வலிக்கவில்லை என்று சொன்னால் ஆறுதலாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். வலி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பது அன்றைக்கு எனக்கே தெரியாது.

நம் கரிசல் மண்ணைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயில் காலத்தில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும், மழை பெய்தால் உப்பிக்கொள்ளும். அதன் மேல் கட்டிய வீடும் அதோடு சேர்ந்து அசைந்துகொண்டே இருக்கும். நம் வீட்டுத் தரை சிமெண்டுத் தரைதான். ஆனால் ஒவ்வொரு கோடையிலும் சுவரும் தரையும் சேருகிற இடத்தில் ஒரு விரிசல் விடும். சாந்து பூசினால் மறு வருஷம் அதே இடத்தில் மறுபடியும் விடும். அந்த விரிசலில் எறும்பு இருப்பது எல்லாருக்கும் தெரியும். சீனி டப்பாவில் ஏறும், கருப்பட்டியில் மொய்க்கும், தட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம். கை கால் உள்ளவர்களுக்கு எறும்பு ஒரு தொல்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு வந்த முதல் கோடை அது. உன் அம்மா காலையிலேயே எனக்குக் கஞ்சி கொடுத்து, குதிகாலில் இருந்த படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, பருத்தி எடுக்கப் போயிருந்தாள். புண் சின்னதாகத்தான் இருந்தது, ஆறிவரும் என்றிருந்தோம். கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது. மதியம் வாக்கில் தலையணையை ஒருக்களித்து வைத்துக்கொண்டு சும்மா காலைப் பார்த்தேன். கட்டுப் போட்ட துணி வெள்ளைத் துணி. அது வெள்ளையாக இல்லை. முதலில் ரத்தம் என்று நினைத்தேன். அப்புறம் அது நகர்ந்தது.

சின்னச் சிவப்பு எறும்பு. சுவர் விரிசலில் இருந்து கிளம்பி, தரையைத் தொட்டுக்கொண்டிருந்த போர்வையின் நுனியைப் பிடித்து ஏறி, என் முழங்காலைச் சுற்றிக்கொண்டு குதிகாலுக்குப் போய்க்கொண்டிருந்தது. போவது ஒரு வரிசை, வருவது ஒரு வரிசை. வருகிற வரிசை எதையோ தூக்கிக்கொண்டு வந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கால்தான் அது, ஆனால் ஒன்றுமே தெரியவில்லை. யாரோ ஒருத்தனுடைய காலைப் பார்ப்பது மாதிரி இருந்தது. துண்டை வீசி அடித்தேன், எட்டவில்லை. எழுந்து உட்கார அப்போது எனக்கு இன்னும் பழகவில்லை. பக்கத்தில் இருந்த சொம்புத் தண்ணீரை ஊற்றப் பார்த்தேன், அது மெத்தையில் சிந்தியதுதான் மிச்சம். அடுத்த வீட்டில் மளிகைக் கடை வைத்திருந்த அண்ணாச்சியை ஒரு தடவை கூப்பிட்டேன். கடையில் பெண்கள் சாமான் வாங்கிக்கொண்டு நின்ற சத்தம் கேட்டது. வேட்டி விலகி, டியூபோடு கிடந்தேன். அவர்கள் யாராவது ஓடி வந்துவிடுவார்களோ என்று நினைத்து, அதற்கு மேல் கூப்பிடவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகுதான் உன் அம்மா வந்தாள். தலையில் இருந்த பருத்திப் பொட்டலத்தை இறக்கக்கூட இல்லை, வாசலிலேயே அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க, எப்ப இருந்து?"

"மத்தியானத்துல இருந்து."

"கூப்பிட்டிருக்கலாம்லா? அண்ணாச்சி அங்கனதான இருக்காவ."

"என்னன்னு கூப்பிடச் சொல்லுத?"

அவள் பருத்திப் பொட்டலத்தை இறக்கி வைத்தாள். துணியைத் தேங்காய் எண்ணெயில் நனைத்து, கட்டை அவிழ்த்து, ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தாள். எடுக்க எடுக்க உள்ளே இருந்து வந்தது. அவள் அழவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. நான்தான் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மறுநாள் வண்டி பிடித்து விளாத்திகுளத்தில் காட்டியபோது நர்ஸம்மா அவளைப் பிடித்துச் சத்தம் போட்டாள். "மனுசனப் போட்டுட்டு எங்கம்மா போனீங்க?" என்று கேட்டாள். பருத்தி எடுக்கப் போனேன் என்று உன் அம்மா சொல்லவில்லை. "இனிமே பாத்துக்கிடுதேன்" என்று மட்டும் சொன்னாள். அந்தப் புண் எலும்பு தெரிகிற ஆழத்துக்குப் போய், காய்ச்சல் வந்து, மழைக்காலம் வரைக்கும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேருடைய வாழ்க்கையும் எறும்பைச் சுற்றித்தான் நடந்தது என்று சொன்னால் நம்புவாயா? முதலில் கட்டிலைச் சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளிப் போட்டோம். கட்டில் கால் நான்கையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்தினோம். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். யாருக்கும் தெரியாதது என்னவென்றால், நம் பக்கத்துக் காற்றுக்குக் கிண்ணத்துத் தண்ணீர் மதியத்துக்குள் வற்றிவிடும். வற்றாவிட்டாலும் காற்றில் வருகிற தூசி தண்ணீர் மேல் ஆடை மாதிரி படியும். அந்தத் தூசியின் மேல் எறும்பு நடந்து போவதை நான் கண்ணால் பார்த்தேன். அப்புறம் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டோம், அந்த வாடையில் எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் மோட்டார் சைக்கிள் ஒர்க்ஷாப்பில் கிரீஸ் வாங்கி வந்து கட்டில் காலில் ஒரு வளையமாகப் பூசினாள். அதில் தூசி படிந்ததும் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். கொசுவலை தரையில் படக் கூடாது. போர்வை தொங்கக் கூடாது. இவ்வளவும் செய்த பிறகு ஒருநாள் மறுபடியும் வந்தது. எங்கிருந்து என்று தேடினால், மூத்திர டியூப் வழியாக. பை தரையில் கிடந்தது. அது வழியாக ஏறி, டியூப் போகிற இடத்துக்கே வந்திருந்தது. மகனிடம் எழுதுகிற விஷயம் இல்லைதான். ஆனால் அம்மாவுக்கும் இப்போது டியூப் போட்டிருக்கிறார்கள் என்று நீ சொன்னாய். சர்க்கரை வேறு இருக்கிறது என்று டாக்டர் சொன்னதாகவும் சொன்னாய். சர்க்கரை உள்ளவர்களின் மூத்திரத்துக்கு எறும்பு தேடிக்கொண்டு வரும். பையைத் தரையில் படாமல் கட்டில் சட்டத்தில் மாட்டு. ஆனால் அவள் இடுப்புக்குக் கீழேதான் அது தொங்க வேண்டும், மேலே தூக்கி மாட்டிவிடாதே.

அந்த நாட்களில்தான் உன் பெரிய மாமா ஒரு டப்பா நிறையப் பூச்சிமருந்துப் பொடி கொண்டுவந்தார். "பருத்திக்குத் தூவுறது மச்சான். ஒரு எறும்பு மிஞ்சாது பாருங்க" என்று கட்டிலுக்கு அடியிலும் விரிசலிலும் மாக்கோலம் போடுகிற மாதிரி தூவிவிட்டுப் போனார். அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். எறும்பு மிஞ்சவில்லை என்பதும் உண்மை. செத்த எறும்பைப் பொறுக்கித் தின்ற நம் கோழிகள் மறுநாள் முற்றத்தில் கழுத்தைத் திருகிக்கொண்டு கிடந்தன. மூடின அறையில் அந்தக் காற்றைக் குடித்துக்கொண்டு கிடந்த எனக்குக் கண் எரிந்து, நெஞ்சு அடைத்து, வாந்தி நிற்கவில்லை. எல்லாரும் வெளியே ஓடிவிடலாம். படுத்துக் கிடப்பவன் அதே காற்றைத்தான் மூச்சுவிட வேண்டும். உன் அம்மா மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தரையைச் சோப்புத் தண்ணீரால் கழுவித் தள்ளினாள். மிச்சப் பொடியிருந்த டப்பாவைப் பரணில் தூக்கி வைத்தாள்.

எறும்பு ஒரு மாதம் இல்லை. அப்புறம் வந்தது, வேறு விரிசலில் இருந்து. இந்தத் தடவை இடுப்புக்குப் பின்னால். அன்றைக்கு எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. காலையில் அவள் வேலைக்குக் கிளம்பி, ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டாள். நான் சொன்னேன்: "ஏட்டி, பரண்ல இருக்க அந்த டப்பாவ எடுத்து இங்கன பக்கத்துல வச்சிட்டுப் போ. எறும்பு வந்தா நானே தூவிக்கிடுதேன்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"எறும்புக்குத்தானா?"

நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அவள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். பரணில் இருந்து டப்பாவை இறக்கினாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஊர் எல்லையில், கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி, உடைமரக் காட்டுக்குள் ஆழமாகத் தோண்டிப் புதைத்துவிட்டு வந்ததாக அப்புறம் சொன்னாள். கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று வேலைக்குப் போகவில்லை. அப்போதுதான் சொன்னாள்: "இந்த எறும்ப நான் ஒரு கை பாத்துருதேன். அதுக்கு அப்புறம் நீங்க என்ன வேணும்னாலும் பேசுங்க. அது வரைக்கும் வாயத் தொறக்கப்பிடாது." கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிக்கொண்டே என் போர்வை நுனியைத் தரையில் படாமல் மடக்கிச் சொருகினாள். அதைப் பார்த்த பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

நான் எறும்பைக் கவனிக்க ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். எனக்கு வேறு என்ன வேலை? எந்த நேரத்தில் எந்தச் சுவரில் போகிறது, எங்கே திரும்புகிறது, எங்கே உள்ளே இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே கிடப்பேன். சாயங்காலம் உன் அம்மா வந்ததும் சொல்வேன். மழைக்கு முந்தின நாட்களில் ஒன்றைக் கண்டேன். மூலையில் இருந்த விரிசலில் எறும்புகள் மண் துகளைத் தூக்கிக்கொண்டு வந்து வெளியே போட்டன. கறுப்பு மண். அப்படியானால் கூடு வெளியே இல்லை, நம் தரைக்கு அடியிலேயே இருக்கிறது. நான் சொன்னதைக் கேட்டு அண்ணாச்சி கடப்பாரையோடு வந்தார். "தரையப் பேத்துட்டா பெறவு பூசணுமே தங்கச்சி, யோசிச்சுக்கோ" என்றார். "பேத்துருங்க அண்ணாச்சி" என்றாள் உன் அம்மா. என்னைக் கட்டிலோடு தூக்கி முற்றத்தில் வைத்துவிட்டு உடைத்தார்கள்.

சரியாக என் கட்டில் கிடந்த இடத்துக்கு அடியில் இருந்தது. உள்ளே கரிசல் வெடிப்பு கிளை கிளையாகப் பிரிந்து போயிருந்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் ரவையைக் கொட்டிவைத்த மாதிரி வெள்ளை முட்டை. அண்ணாச்சி கடப்பாரையைப் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்துவிட்டார். இத்தனை நாளும் அதன் மேலேதான் நான் படுத்துக் கிடந்திருக்கிறேன். உன் அம்மா அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்து ஊற்றினாள், மறுபடி கொதிக்க வைத்தாள், மறுபடி ஊற்றினாள். தண்ணீர் எட்டாத இடம் இன்னும் இருக்கும் என்று தெரியும். கறுப்பு மண்ணை இடுப்பளவுக்குத் தோண்டி எடுத்துவிட்டு, சரளைக் கல்லும் மணலும் போட்டு இறுக்கி, மேலே காரை போட்டோம். அதற்குப் பிறகு அந்த அறையில் தரை வெடிக்கவில்லை. எறும்பு அடியோடு ஒழிந்தது என்று சொல்லமாட்டேன். வருவது குறைந்தது. வந்தால் எங்கிருந்து வருகிறது என்று உடனே தெரிந்தது. எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். புது வீடு, டைல்ஸ் போட்ட தரை என்றாய். புது வீடு என்பதால் நம்பிவிடாதே. கோவில்பட்டியில் புதிதாகப் பிளாட் போட்டு விற்கிற இடமெல்லாம் நேற்று வரைக்கும் பருத்தி விளைந்த கரிசல்தான். டைல்ஸ் இணைப்புகளில் விரலால் தடவிப் பார். சுவரோரம் பட்டையாக ஒட்டியிருக்கும் டைல்ஸ் பின்னால் இடைவெளி இருக்கிறதா பார். ஜன்னல் சட்டம், வாசற்படி, பாத்திரம் கழுவுகிற தொட்டியின் குழாய் சுவருக்குள் போகிற துளை, எல்லாவற்றையும் வெள்ளைச் சிமெண்டு வைத்து அடை. சுவிட்ச் பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டும், நான் எத்தனையோ ஆம்ப்ளிபயருக்குள்ளேயே பார்த்திருக்கிறேன். ஜன்னலை ஒட்டி மரக்கிளை வந்தால் வெட்டச் சொல். அம்மாவின் கட்டிலை ஜன்னலோரமும் போடாதே, எந்தச் சுவரோடும் ஒட்டிப் போடாதே. காற்று வரும் என்றுதான் நீ ஜன்னலோரம் சொன்னாய். காற்றுக்கு ஃபேன் போட்டுக்கொள்ளலாம்.

எறும்பு வரிசையைப் பார்த்தால் நசுக்கிவிட்டு விட்டுவிடாதே. போன வழியைச் சோப்புத் தண்ணீரால் துடை, அந்த வாடை போனால்தான் பின்னால் வருவது வழி தெரியாமல் திரும்பும். போரிக் பவுடரைச் சீனிப்பாகில் துளி கலந்து, அது கிளம்புகிற இடத்தில், அம்மாவின் கட்டிலில் இருந்து தூரத்தில், வீட்டுக்கு வருகிற குழந்தைகளுக்கு எட்டாத மூலையில் வை. அதைத் தின்று கூட்டுக்குக் கொண்டுபோகும். உடனே சாகாது. இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். எறும்புச் சாக்பீஸ் கடையில் கிடைக்கிறது, எல்லாரும் வாங்குகிறார்கள். கட்டிலிலோ, அவள் கை படுகிற இடத்திலோ அதால் கோடு போடாதே. அதுவும் விஷம்தான். அவளுக்கு ஊட்டி முடித்ததும் வாயையும் கழுத்து மடிப்பையும் ஈரத் துணியால் துடை. வாய் ஒரு பக்கம் இழுத்திருப்பதால் அந்தப் பக்கம் கஞ்சி வழிவது அவளுக்குத் தெரியாது. புண் வந்தால் கட்டுப் போட்டு மூடிவிட்டோம் என்று இருந்துவிடாதே. விளங்காத இடது கை விரல் இடுக்கு, இடது கால் விரல் இடுக்கு, காதுக்குப் பின்னால், முதுகு, இவ்வளவும் காலையிலும் சாயங்காலமும் பார்க்க வேண்டும். மருமகளிடம் சொல், அருவருப்பாக இருந்தால் அதில் ஒன்றும் குற்றமில்லை. உன் அம்மாவுக்கும் அருவருப்பாகத்தான் இருந்திருக்கும். அவள் ஒருநாளும் அதை எனக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு அம்மா விழுந்த காலையைப் பற்றி.

சமையலறை வாசலில் விழுந்து கிடந்தாள், அண்ணாச்சி வீட்டம்மா வந்து பார்த்து ஆள் கூட்டினாள் என்று உனக்குச் சொல்லியிருப்பார்கள். அது வரைக்கும் நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவள் எனக்குக் காப்பி கொண்டுவந்தாள். டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது. சக்கர நாற்காலியைக் கையால் தள்ளிக்கொண்டு போனேன். ஒருக்களித்துக் கிடந்தாள், வாய் கோணியிருந்தது, கண் திறந்திருந்தது. கருப்பட்டிக் காப்பி தரையெல்லாம் ஓடியிருந்தது. கத்தினேன். அண்ணாச்சி சரக்கு எடுக்கக் கோவில்பட்டி போயிருந்தார், அவர் வீட்டம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். யாரும் வரவில்லை. சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு அவளைத் தொடக்கூட முடியாது. நான் நாற்காலியில் இருந்து கீழே விழுந்தேன். வேண்டுமென்றேதான் விழுந்தேன். கையை ஊன்றி நகர்ந்து அவள் பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது, சுவரோரத்தில் எறும்பு கிளம்பிவிட்டிருந்தது.

துண்டால் காப்பியைத் துடைத்தேன், அது இன்னும் பரவியது. அவளுடைய இடது கையில் ஏறிக்கொண்டிருந்ததைத் தட்டினேன், இடது கன்னத்தில் ஏறியதைத் தட்டினேன். அவளுக்குத் தெரியவில்லை. அது எப்படி இருக்கும் என்று உலகத்தில் வேறு யாரைவிடவும் எனக்குத் தெரியும். அவள் என்னையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சத்தம் குழறிக்கொண்டு வந்தது. வலது கையை மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டாள்.

"என்னட்டி, தண்ணி வேணுமா?" என்றேன்.

இல்லை என்பது மாதிரி கண்ணை மூடித் திறந்தாள்.

"பிள்ளைக்குப் போன் போடவா?"

அவள் கை என்னைத் தாண்டிப் போனது. நான் திரும்பிப் பார்த்தேன். என் இரண்டு பாதமும் அந்தக் காப்பியில்தான் கிடந்தன. எனக்குத் தெரியவில்லை. விரல் இடுக்கெல்லாம் எறும்பு. அவள் அதைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். பேச்சு போய், பாதி உடம்பு போய், தனக்கு என்ன ஆயிற்று என்றே தெரியாமல் கிடந்தவள், எட்டின மட்டும் என் காலைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளுடையதைத் தட்டினேன். அண்ணாச்சி வீட்டம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்து அலறும் வரைக்கும் நாங்கள் அப்படித்தான் இருந்தோம்.

அதனால்தான் கேட்கிறேன். என்னை அத்தை வீட்டில் விடாதே. என்னால் அம்மாவைத் தூக்க முடியாது, புரட்டிப் போட முடியாது, உனக்கு நான் இன்னொரு சுமைதான். எல்லாம் தெரியும். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு அந்த வீட்டில் ஒரு ஜோடிக் கண்ணும் இரண்டு கையும் வேண்டும். பக்கத்து வீட்டு அம்மா நல்லவளாகவே இருக்கட்டும், அவள் எட்டிப் பார்ப்பாள், முகத்தைப் பார்ப்பாள், போய்விடுவாள். விரல் இடுக்கைப் பார்க்க மாட்டாள்.

முன்னறையில் இரண்டு கட்டில் போட இடம் இருக்குமா என்று அளந்து பார். அவள் கால் எனக்குத் தெரிகிற மாதிரி என் கட்டிலைப் போடு. என் கால் அவளுக்குத் தெரிகிற மாதிரி அவள் கட்டிலைப் போடு.

அப்பா